பழைய புத்தகம் வாங்கத் தொடங்குகிறவருக்கு

மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதைக் கடையில் ஒரு மாலை குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "சார், விலை போட்டிருக்கும் இடத்தில் 1-8-0 என்று இருக்கிறது. இது தேதியா?" என்று கேட்டார். ஒன்றரை ரூபாய் என்றேன். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்ற பழைய காசுக் கணக்கில் ஒரு ரூபாய், எட்டு அணா, பை இல்லை. அப்படியானால் இது பெரும்பாலும் 1957-க்கு முன்னால் அச்சான புத்தகம் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தார். இந்த முறை மிக மெதுவாக.

அவரிடம் அன்று நின்றபடியே சொன்னவற்றை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பழைய புத்தகம் சேர்ப்பதற்குப் பணத்தைவிடக் கண் பழக்கம் அதிகம் வேண்டும். அந்தப் பழக்கம் புத்தகத்தின் முதல் நான்கு பக்கங்களை ஊன்றிப் பார்ப்பதிலிருந்து வருகிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எதைத் தேடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். "நல்ல புத்தகம் எதுவானாலும்" என்று கிளம்புகிறவர் இரண்டு மாதத்தில் படிக்காத புத்தகங்கள் அடுக்கிய ஓர் அறையோடு நின்றுவிடுவார். வட்டம் சிறியதாக இருந்தால் கண் கூர்மையாகும். நூறு முதுகுகள் வரிசையாக நிற்கும்போது உங்களுக்கு வேண்டிய ஒன்று மட்டும் தனியே தெரியும்.

புதியவருக்கு நான் சொல்லும் வட்டங்கள் மூன்று. முதலாவது, சோவியத் நாட்டிலிருந்து வந்த தமிழ் நூல்கள். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் ஆகியவை அச்சிட்டு அனுப்பியவை. ருஷ்ய நாவல்களும் குழந்தைகள் கதைகளும் அறிவியல் நூல்களும் இங்கே மிகக் குறைந்த விலைக்கு விற்றன. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. நல்ல தாள், தைத்த பைண்டிங், உறுதியான அட்டை. அதனால் இன்றும் பல பிரதிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. தொடங்குகிறவருக்கு இதைவிட இதமான இடம் இல்லை.

இரண்டாவது, ஒரு பதிப்பகத்தைப் பின்தொடர்வது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களையும் காப்பியங்களையும் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்தார். 1960-களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வாசகர் வட்டம், அச்சிலும் கட்டமைப்பிலும் அன்றைக்கு யாரும் செய்யாத அக்கறையோடு நூல்களை வெளியிட்டது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-லிருந்து அச்சிட்டவற்றை மட்டும் தேடினாலே ஓர் ஆயுளுக்குப் போதும். பதிப்பகத்தைப் பின்தொடர்கிறவருக்கு அட்டையைப் பார்க்காமல் எழுத்துருவையும் தாளையும் வைத்தே யார் வெளியீடு என்று தெரிந்துவிடும் நாள் வரும். அந்த நாள் மிகவும் இன்பமானது.

மூன்றாவது எனக்கு நெருக்கமானது: வீடுகளில் பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையில் வந்த அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தெருமுனை பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்குவது நம் வீடுகளின் வழக்கமாக இருந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தது. மணியத்தின் ஓவியங்கள் அந்தத் தாளில், அந்த அளவில் எப்படி இருந்தன என்பதைப் பார்க்க வேண்டுமானால் இப்படிப்பட்ட வீட்டுப் பிரதியைத்தான் தேட வேண்டும். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் அந்த வாரத்துச் சோப்பு விளம்பரமும் துணுக்கும் இருக்கும். முதல் பக்கத்தில் யாரோ ஒரு வீட்டுப் பெண் மசியால் அழகாகத் தலைப்பு எழுதியிருப்பார். ஏதோ ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போயிருந்தால், விட்டுப்போன அத்தியாயத்தை இரவல் வாங்கிக் கையாலேயே நகலெடுத்துச் சேர்த்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமைக்கு முன்னால் எந்த முதற்பதிப்பும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

இந்த மூன்றும் பிடிக்கவில்லையா? சமையல், சித்த மருத்துவம், உங்கள் ஊரின் தலபுராணம், பழைய பாடநூல், காமிக்ஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓராண்டாவது அதில் நில்லுங்கள்.

எங்கே போவது

சென்னைக்காரர்கள் பழைய புத்தகம் என்றதும் மூர் மார்க்கெட்டைச் சொல்வார்கள். 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே 30 அன்று தீயில் அழிந்தது. கடைக்காரர்களுக்கு அருகில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். இன்று சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறுகிறவர்கள் நிற்கும் இடம்தான் பழைய மூர் மார்க்கெட்.

இப்போது போக வேண்டிய இடங்கள்: சென்னையில் லஸ் முனை, திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைகள், அல்லிக்குளம். கோவையில் உக்கடம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் நாட்களில், எதிரே நடைபாதை நெடுகப் பழைய புத்தகக் கடைகள் முளைக்கும். உள்ளே போவதற்கு முன் ஒரு மணி நேரம் அங்கே செலவிடுங்கள். வெளியே வரும்போது கையில் பணம் இருக்காது.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இருக்கும் பழைய பேப்பர் கடை. ஒரு வீட்டில் பெரியவர் இறந்து ஆறு மாதம் ஆனதும், அவர் அலமாரி முதலில் வந்து சேரும் இடம் அதுதான். நடைபாதைக் கடைக்காரர்களும் அங்கிருந்துதான் எடுத்து வருகிறார்கள். அந்தக் கடைக்காரரிடம் "அண்ணே, தமிழ்ப் புத்தகக் கட்டு ஏதாவது வந்தால் தராசில் போடுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்" என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று முறை வீண் நடை நடப்பீர்கள். நான்காவது முறை ஒரு தமிழாசிரியரின் வாழ்நாள் சேகரம் சாக்குமூட்டையில் கட்டிக் கிடக்கும்.

இணையத்திலும் விற்கிறார்கள். அங்கே வாங்குவதானால் அட்டைப் படம் மட்டும் போதாது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், கடைசிப் பக்கம், முதுகு ஆகிய நான்கின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கையில் எடுத்ததும்

முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய தாளின் வாசனை வேறு, பூஞ்சணத்தின் வாடை வேறு. ஈரத் துணி மூலையில் கிடந்தாற்போல் நாறினால், எவ்வளவு அரிய புத்தகமானாலும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள். அது உங்கள் வீட்டில் உள்ள மற்ற புத்தகங்களுக்கும் பரவும்.

அடுத்தது இராமபாணம். பக்கங்களைத் துளைத்துக்கொண்டு நேர்கோட்டில் போகும் அந்தப் பூச்சிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் பொருத்தமானது. துளை இருப்பதே குற்றம் இல்லை. என்றைக்கோ போய்விட்ட பூச்சியின் துளையாகவும் இருக்கலாம். புத்தகத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மாவு போல் புதிய தூள் உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது.

பிறகு பாரம் எண்ணுங்கள். அச்சுக்கூடத்தில் ஒரு பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுதிக்குப் பாரம் என்று பெயர். பெரும்பாலும் பதினாறு பக்கம். பழைய தமிழ் நூல்களில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் நூல் பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் சிறிதாக இருக்கும், 'சி-3', 'சி-4' என்று. அந்த எண் வரிசை தவறாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டால் ஒரு பாரம் விட்டுப்போனதையும், ஒரே பாரம் இரண்டு முறை தைக்கப்பட்டதையும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு நாவலின் 192-ஆம் பக்கத்தில். அடுத்த பக்கம் 209. கதாநாயகி ஏன் அழுகிறாள் என்று அறிய வேறு பிரதி கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

வீட்டு பைண்டிங் தொகுதியாக இருந்தால் அத்தியாய எண்ணையும் சரிபாருங்கள். பைண்டர் ஓரங்களை வெட்டும்போது ஓவியத்தின் ஒரு பகுதியும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நூலக முத்திரை இருந்தால் ஒரு கணம் நில்லுங்கள். நீக்கப்பட்டது என்ற குறிப்போ முத்திரையோ இருந்தால் அது முறையாகக் கழித்துக் கட்டப்பட்ட பிரதி. அப்படி எதுவும் இல்லாமல், புத்தகமும் அரியதாக இருந்தால், அது இன்னும் அந்த நூலகத்தின் சொத்தாகவே இருக்கலாம். நான் வாங்குவதில்லை. ஒருமுறை வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

வயதைக் கண்டுபிடிப்பது

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் நேசிக்கிறேன். தமிழ்ப் பழம்புத்தகங்கள் பலவற்றில் ஆண்டு அச்சாகியிருக்காது. அச்சாகியிருந்த பக்கம் கிழிந்து போயிருக்கவும் கூடும். ஆனாலும் புத்தகம் தன் வயதை வேறு பல இடங்களில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

விலையைப் பாருங்கள். ரூபாய், அணா, பை என்று மூன்று எண்ணாக இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' என்று இருந்தால் அது நயா பைசா. 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அதற்குப் பிறகு வெறும் பைசா. சில பதிப்பகங்கள் பழைய கையிருப்பின் மேல் புதிய விலையை ஒட்டி விற்றன என்பதால், ஒட்டுத்தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எழுத்தைப் பாருங்கள். 'லை', 'னை', 'ளை', 'ணை' ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி மேலே வளைந்திருந்தால், 'ணா', 'றா', 'னா' தனிக் கால் இல்லாமல் ஒரே எழுத்தாகச் சுருண்டிருந்தால், அது பழைய எழுத்து முறை. தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. எனவே பழைய எழுத்து என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய புத்தகம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெரியார் 1935-லிருந்தே தம் வெளியீடுகளில் புதிய எழுத்தைப் பயன்படுத்தினார்; புதிய எழுத்து இருப்பதாலேயே புத்தகம் பிந்தையது ஆகிவிடாது. கையில் இருந்த ஈய எழுத்துகளை உடனே மாற்ற முடியாத சிறு அச்சகங்கள் ஆணைக்குப் பிறகும் சில ஆண்டுகள் பழைய எழுத்திலேயே அடித்தன.

முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க அஞ்சல் எண் 1972 ஆகஸ்டில்தான் வந்தது. 'சென்னை-17' என்று மட்டும் முடிந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆயிற்று. 'சென்னை ராஜ்யம்', 'மதராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் அதற்கு முன். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்று அச்சிட்டிருந்தால் 1996-க்கு முன் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

ஆண்டு அச்சாகியிருந்தும் ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. சைவ சித்தாந்தக் கழக வெளியீடு போன்ற சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். அதிலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும். '1985' என்று பார்த்துப் புதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருவள்ளுவர் ஆண்டானால் அது 1954. தென்மாவட்ட நூல்களில் கொல்லம் ஆண்டு வரும், 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய நூல்களில் வருஷத்தின் பெயர் மட்டும் இருக்கும். 'சர்வதாரி வருஷம் ஆவணி மாதம்' என்று. அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் ஒரு பெயருக்குப் பல விடைகள். ஒரு நிலைப்புள்ளியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சுற்றின் முதல் ஆண்டான பிரபவ 1987 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முன் 1927, அதற்கும் முன் 1867. பட்டியலில் சர்வதாரி இருபத்திரண்டாவது. எனவே 2008, 1948, 1888 ஆகிய மூன்றில் ஒன்று. எது என்பதைத் தாளும் எழுத்தும் விலையும் சொல்லிவிடும். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1876-ல் தொடங்கிய தாது. பஞ்சாங்கத்தில் உள்ள அறுபது பெயர்ப் பட்டியலை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

'முதற்பதிப்பு' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் பதிப்பகங்கள் பல, வேறு பதிப்பகம் ஐம்பது ஆண்டுக்கு முன் வெளியிட்ட நூலைத் தாங்கள் முதல் தடவை அச்சிடும்போதும் 'முதற்பதிப்பு' என்றே போடும். அது அந்தப் பதிப்பகத்துக்கு முதல். ஆசிரியர் முன்னுரையின் கீழே உள்ள தேதியையும் பதிப்பு விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். பெரிய விலை சொல்லப்படும்போது இதைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைத் தேடுகிறவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். புறநானூறு 1894-ல் முதலில் வெளிவந்தது; பின்னர் எத்தனையோ முறை அச்சானது. ஒவ்வொரு பதிப்பிலும் முந்தைய முகவுரைகள் பழைய தேதியோடே தொடர்ந்து வரும். முகவுரையின் தேதியை மட்டும் பார்த்துக் கைநடுங்கி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இலங்கையில் அச்சான தமிழ் நூல் கண்ணில் பட்டால், உங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். குறைந்த பிரதிகளே அச்சாகிப் போரில் பெருமளவு அழிந்தவை அவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. எஞ்சிய பிரதி ஒன்று சென்னை நடைபாதைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கிய பிறகு, இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் அது ஏற்கெனவே மின்வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு எழுதுங்கள்.

விலை பேசுவது

அச்சிட்ட விலையைக் காட்டி "இதில் இரண்டு ரூபாய்தானே போட்டிருக்கிறது" என்று கேட்காதீர்கள். அந்த வாதம் கடைக்காரரை வருத்தும். உங்களுக்கும் அது அழகல்ல. பாடநூல்களும் அண்மையில் வந்த நாவல்களும் ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைக்கும். அரிய நூல்களுக்கு நிலையான விலை கிடையாது. அதே நூல் மறுபதிப்பாகக் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்று பார்த்துக்கொண்டு, இந்தப் பிரதிக்காக அதற்கு மேல் எவ்வளவு தர மனம் ஒப்புகிறது என்று உங்களுக்குள் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு புத்தகங்களைச் சேர்த்து வைத்து மொத்தமாக விலை கேட்பதுதான் நாகரிகமான பேரம். அவருக்கும் கட்டுப்படியாகும், உங்களுக்கும் குறையும். வெயிலில் தார்ப்பாயும் மழையில் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி அந்தப் புத்தகத்தை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். ஐம்பது ரூபாயைக் குறைத்து மகிழ்வதைவிட, அடுத்த முறை "உங்களுக்கென்று எடுத்து வைத்தேன் சார்" என்று அவர் சொல்வது மேல். அப்படி எடுத்து வைத்ததை ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர், எந்த ஆசிரியரின் எந்தப் பதிப்பை எந்த அச்சகம் அடித்தது என்று மனப்பாடமாகச் சொல்வதை லஸ் முனையில் கேட்டு நின்றிருக்கிறேன். அவர்களிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

மாதத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். ஐந்நூறு ரூபாய் போதும். மீதியை அடுத்த மாதத்துக்குச் சேர்த்து வைக்கலாம். கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

வாங்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் கைப்பேசியில் ஒரு தரம் தேடுவதும் நல்லது. படிப்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் பல பழைய நூல்கள் அங்கே இலவசமாகவே இருக்கின்றன. அந்தப் பணத்தை எங்குமே கிடைக்காத ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

நேராக அலமாரியில் வைக்காதீர்கள். புதிதாக வந்தவை இரண்டு வாரம் தனி அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். மென்மையான பெயிண்டு பிரஷ்ஷால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தூசியைத் தட்டுங்கள். வெயிலில் காயவைப்பது பழைய வழக்கம். ஈரமான புத்தகத்தை நிழலில், காற்றோட்டத்தில், பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்திக் காயவைத்தாலே போதும். நேர் வெயில் தாளை இன்னும் பழுப்பாக்கும்.

பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபதனப் பெட்டியில் மூன்று வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். பாச்சை உருண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். அந்த வாடை தாளில் ஏறினால் போவதில்லை, மூச்சுக்கும் கேடு. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சிறு துணிப்பையில் கட்டி அலமாரி மூலையில் வைப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் முறை. அதோடு மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துப் புரட்டுவதுதான் உண்மையான காவல். பூச்சிக்கு ஆள் நடமாட்டம் ஆகாது.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி நின்ற என் அலமாரியைக் கறையான் பின்பக்கமாக ஏறிவிட்டது. முன்னாலிருந்து பார்க்க முதுகுகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. ஒன்றை இழுத்தபோது முதுகு மட்டும் கையோடு வந்தது. இருபத்தேழு புத்தகங்கள் செல்லரித்துப் போயின. அவற்றுள் என் தாத்தா பைண்டு செய்த இரண்டு தொகுதிகளும் இருந்தன.

கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகிவிடும், எடுக்கவும் முடியாது. மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பைண்டரிடம் கொடுத்தால் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: ஓரத்தை வெட்டக் கூடாது, பழைய அட்டையை உள்ளே சேர்த்துத் தைக்க வேண்டும், பூச்சி அண்டாமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நல்ல பைண்டர் சிரிப்பார். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

தொட்டால் ஓரம் முறிகிற அளவுக்கு நொறுங்கும் தாளாக இருந்தால் பைண்டிங் செய்யவே கூடாது. தைக்கும் ஊசி ஒவ்வொரு பக்கத்தையும் கிழிக்கும். அமிலம் இல்லாத தாளில் பொதிந்து, பருத்தித் துணியில் கட்டிப் படுக்கை வசமாக வையுங்கள்.

ஒரு குறிப்பேடும் போடுங்கள். வரிசை எண், நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எங்கே எந்த நாள் என்ன விலைக்கு வாங்கியது. புத்தகத்தின் மேல் எழுத விரும்பினால் பென்சிலால், கடைசிப் பக்கத்தில் மட்டும்.

படிப்பது

வாங்கியதைப் படியுங்கள். அலமாரி அழகுக்கு வாங்கினால் ஆறு மாதத்தில் சலித்துவிடும்.

பழைய பிரதியைப் படிக்கும்போது நமக்கு முன்னால் அதைப் படித்தவரும் கூடவே வருவார். ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருப்பார். ஓர் இடத்தில் 'தவறு' என்று எழுதியிருப்பார். எதற்காகக் கோடு போட்டார் என்று நின்று யோசிப்பது எனக்குத் தனி இன்பம். திருமணப் பரிசாக வந்த நூல்கள் ஏராளம் கிடைக்கும். முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் வாழ்த்தும் இருக்கும். பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குத் தந்த பரிசு நூல்களும் அப்படியே. பக்கங்களுக்கு நடுவே நரம்பு மட்டும் மிஞ்சிய அரசிலை, மயிலிறகு, பஸ் டிக்கெட், சில சமயம் பிரிக்காத இன்லாண்ட் கடிதம்கூட இருக்கும். கிடைத்ததைக் கிடைத்த பக்கத்திலேயே விட்டுவையுங்கள். பெயரும் முகவரியும் தெரியும்படி படம் எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். அந்தக் குடும்பத்தார் எங்கேயோ இருக்கிறார்கள்.

பழைய நடை முதலில் சற்று இடறும். நிறுத்தக்குறிகள் குறைவு, வடசொற்கள் மிகுதி, சந்தி பிரிக்காத நீண்ட அடிகள். வாய்விட்டுப் படியுங்கள். பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

கை மாற்றுவது

இரண்டாம் பிரதி வந்ததும் முதல் பிரதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் வட்டத்துக்குள் வராதவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து அதே நடைபாதைக் கடைக்காரரிடம் கொடுங்கள். அவர் தரும் விலைக்கு வேறு ஏதேனும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே அரிய ஒன்று கையில் வந்து சேர்ந்தால், 1900-க்கு முந்தைய அச்சு, எந்த நூலகப் பட்டியலிலும் இல்லாத சிறு வெளியீடு, இரண்டு இதழோடு நின்றுபோன பத்திரிகை ஆகியவற்றில் ஒன்றானால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளில் சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி இங்கேயே நிலைபெறச் செய்தது. 1994-லிருந்து அது ஆய்வு நூலகமாக இருக்கிறது. நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும்கூட அவர் கண்ணில் குப்பையாகத் தெரியவில்லை. அவற்றைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

லஸ் முனையில் சந்தித்த அந்த மாணவர் ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தை அன்று நாற்பது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். கையில் அறுபது வருஷப் பெயர் எழுதிய அட்டை, தோளில் துணிப்பை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பழைய வேளாண்மைப் பாடநூல்கள் என்றார்.